புல்லாங்குழல் அண்ணன் பங்கு கேக்குறாரு, பாட்டு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த்துலேர்ந்து எழுதுறேன். தீபாவளிக்கு நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்ட ஸ்டூடியோ வாடகைக்கு எடுத்து ரெக்கார்ட் பண்ணேன். தபேலா, வயலின், புல்லாங்குழல் மூணு பேருக்கும் ஆளுக்கு 250 வெள்ளி (ரிங்கிட்) கையில கொடுத்தேன், எதுவும் எழுதி வாங்கல. இப்ப பாட்டு நல்லா ஓடுது. புல்லாங்குழல் வாசிச்சவரு "ஆரம்பத்துல வர்ற பிட்டு நான் போட்டது, பங்கு கொடு"ங்குறாரு. ஸ்டூடியோக்காரரு மாஸ்டர், அதாவது அசல் ஒலிப்பதிவு, தன்னோடதுங்குறாரு. என்ன செய்ய?

பதில்: தம்பி, ஸ்டூடியோக்காரரு விஷயம் சுலபம். மலேசியாவோட 1987 பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு உரியவரு அத எடுக்க ஏற்பாடு பண்ணவரு, அதாவது ஆளக் கூப்பிட்டு காசு போட்ட நீங்க. வேற மாதிரி எழுதிக் கொடுக்காத வரைக்கும் மாஸ்டர் உங்களோடதுதான், ஃபைல் அவரு கம்ப்யூட்டர்ல கிடந்தா அவருக்குச் சொந்தமாயிடாது. எல்லா ட்ராக்கையும் காப்பி பண்ணி வாங்கிடுங்க.

புல்லாங்குழல் விஷயத்துல ஒண்ணு சொல்லுங்க, நீங்க முணுமுணுத்துக் காட்டுனத அவரு வாசிச்சாரா, இல்ல "இங்க ஏதாச்சும் போடுங்கண்ணே"ன்னு விட்டு அவரா யோசிச்சு வாசிச்சாரா? மொதலாவதுன்னா 250 வெள்ளி வாசிச்ச கூலி, அதோட சரி. ரெண்டாவதுன்னா அது அவரு போட்ட இசை. காசு கொடுத்து செய்யச் சொன்ன வேலையோட உரிமை, வேற ஒப்பந்தம் இல்லன்னா, செய்யச் சொன்னவருக்கே போகும்னு சட்டம் சொல்லுது, ஆனா அந்தக் காசு வாசிக்க மட்டுமா இல்ல இசை போடவும் சேர்த்தான்னு நீங்க பேசவே இல்லையே, அப்ப ரெண்டு பேருக்கும் வாய்ச்சண்டைதான் மிஞ்சும். என்னக் கேட்டா பங்கு கொடுத்துடுங்க. பாட்டு எழுதுறவங்க, மெட்டுப் போடுறவங்களுக்காகக் காசு வசூலிக்கிற எம்.ஏ.சி.பி. (MACP) அமைப்புல பாட்டப் பதியுறப்ப அவரு பேரையும் சேர்த்து எத்தன சதவீதம்னு எழுதி வைங்க.

செந்தூல்ல ஒரு ஸ்டூடியோவுல கண்ணால பார்த்தேன், வயலின் வாசிக்கிற அக்கா ஒருத்தங்க ராத்திரி 11 மணிக்கு ஏர்கான் குளிர்ல ரெண்டு தடவ தந்தி இறங்கி, திரும்ப சுருதி சேர்த்து, 17ஆவது டேக்ல ஓகே வாங்குனாங்க. வெள்ளக் கவர்ல 150 வெள்ளி. யூடியூப்ல அவங்க பேரு கூட வரல, இன்னைக்கும் மனசு ஆறல எனக்கு.

வாசிச்சவங்களுக்கு இன்னொரு உரிமையும் இருக்கு, நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது. வெளியிட்ட ரெக்கார்டிங் ரேடியோவுலயோ பொது இடத்துலயோ ஓடுனா, ஓட்டுறவங்க வாசிச்சவங்களுக்கு நியாயமான தொகை தரணும், அத வசூலிக்க ஆர்.பி.எம்.னு (RPM) வாசிக்கிறவங்க, பாடுறவங்களுக்கான அமைப்பு இருக்கு. உங்க பையிலேர்ந்து போற காசு இல்ல அது, அதனால மூணு பேரையும் அங்க பதியச் சொல்லுங்க, பாட்டுல பேரப் போடுங்க.

அடுத்த தடவ வாசிக்கிறதுக்கு முன்னாடியே ஒரு பக்கம் எழுதுங்க: பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர், பாட்டு, வாத்தியம், தொகை, உரிமை யாருக்கு, ரெண்டு கையெழுத்து. உரிமைய மாத்திக் கொடுக்குறது எழுத்துல இருந்தாத்தான் செல்லும். காச பேங்க்ல போட்டு, பாட்டு பேர குறிப்புல எழுதுங்க.

இப்ப அந்த அண்ணன நேர்ல போய்ப் பாருங்க, போன்ல பேசாதீங்க.