அறுவடைக்குப் பிறகு

அன்புள்ள ஆசிரியருக்கு,
2050இல் உலக மக்கள்தொகை 970 கோடியை நெருங்கும், உணவு உற்பத்தியை 70 சதவீதம் கூட்ட வேண்டும் என்று படித்தேன். மரபணு மாற்றிய விதையா, இயற்கை வேளாண்மையா, எது காப்பாற்றும்?
- வேளாண் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கவலையை மதிக்கிறேன். இந்த வயதில் அது வருவதே நல்லது. ஆனால் விதையா, இயற்கையா என்ற சண்டைக்குள் என்னை இழுக்காதீர்கள். இரண்டுக்கும் அதனதன் நிலம் உண்டு. அந்த 70 சதவீதம் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பு 2009இல் சொன்ன கணக்கு. அறுவடைக்கும் சில்லறைக் கடைக்கும் நடுவே உலக உணவில் சுமார் 13 சதவீதம் வீணாகிறது என்பதும் அதே அமைப்பின் கணக்குதான். வேளாண்மை படிக்கும் உங்கள் கண்ணில் இது படாமல் போனது எப்படி?

மக்காச்சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரம் 13 சதவீதத்துக்கு இறங்காமல் மூட்டை கட்டினால் பூசணம் நிச்சயம். வெறும் மண்ணில் கொட்டினால் தரையின் ஈரம் ஏறும்; தார்ப்பாய் விரித்து, நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் தடிக்காமல் பரப்பி, அடிக்கடி கிளற வேண்டும். மாலையில் மூடாமல் விட்டால் பகலெல்லாம் காய்ந்தது பனியில் வீண்.

காய்ந்ததா என்று பார்க்க ஈரமானி இல்லையா? உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியமும் இரண்டு மூன்று கரண்டி உலர்ந்த உப்பும் போட்டு ஒரு நிமிடம் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு கண்ணாடியில் ஒட்டியிருந்தால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டவில்லை என்றதும் கட்டிவிடாதீர்கள். 15க்குக் கீழ் என்றுதான் அதற்குப் பொருள், 13 என்று அல்ல. மேலும் காயட்டும்.

அப்புறம் சூடு ஆறவிட்டு, இரண்டு பாலித்தீன் உறைகளை உள்ளே கொண்ட சாக்கில் நிரப்பி, காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒவ்வோர் உறையையும் தனித்தனியே முறுக்கி மடித்துக் கட்ட வேண்டும். உள்ளிருக்கும் வண்டுகளே ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு மடியும்; மருந்து வேண்டாம். நடுவில் திறந்து திறந்து பார்த்தால் அத்தனையும் பாழ். ஈரத்தோடு கட்டினாலோ இந்த உறையே தானியத்தைப் புளிக்கவைத்துவிடும்.

பூசணம் கண்டதைத் துடைத்து வேகவைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். சில பூசணங்கள் சுரக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு சமையல் சூட்டில் அழிவதில்லை. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கும். மாட்டுக்குப் போட்டாலும் பாலில் வந்துவிடும்.