ஒரே மென்பொருளுக்கு மூன்று நிறுவல் குறிப்புகள்: எதைத் திருத்துவது?

கேள்வி: மண்டபத்தில் ஒரு மீன் வாடியின் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். பைத்தானில் எழுதியது; நிறுவும் முறை, நிரலோடு உள்ள ரீட்மீ கோப்பிலும், பழைய பி.டி.எஃப் ஒன்றிலும், வாட்ஸ்அப் குழுவில் பின் செய்த செய்தியிலும் இருக்கிறது. பாம்பன் கிளைக்குப் புதிதாக வந்த தம்பி பி.டி.எஃப்-ஐப் பார்த்து உபுண்டு 24.04 இயங்குதளத்தில் நிறுவப்போய்ப் பாதியில் நின்றுவிட்டார். மூன்றையும் ஒன்றுபோல் வைத்திருப்பது எப்படி? (மூன்றையும் இணைத்துள்ளேன்.)

பதில்: ஒன்றுபோல் வைத்திருக்க முயலாதீர்கள். ரீட்மீயை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இரண்டிலும் கட்டளைகளை நீக்கி, ரீட்மீயின் முகவரியை மட்டும் கொடுங்கள். நிரலை மாற்றுகிறவர் அதே கமிட்டில் (நிரல் மாற்றத்தைச் சேமிக்கும் பதிவில்) குறிப்பையும் மாற்றிவிடலாம். பழைய பதிப்பை எடுப்பவருக்கும் அந்தப் பதிப்புக்குரிய குறிப்பே கிடைக்கும். இந்த வசதி மற்ற இரண்டுக்கும் இல்லை.

நீங்கள் அனுப்பியவற்றில் ஒரு வரியை மட்டும் பார்ப்போம். பி.டி.எஃப்-இல் 'சூடோ பிப் இன்ஸ்டால்' என்று இருக்கிறது; பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கருவியை நிர்வாகி உரிமையோடு இயக்கும் கட்டளை இது. உபுண்டு 20.04-இல் அது ஓடியிருக்கும். ஆனால் 23.04 முதல், இயங்குதளத்துக்குரிய பைத்தானில் பிப் நேரடியாகக் கை வைக்காதபடி தடுத்திருப்பதால், இப்போது பிழைச் செய்தியோடு நின்றுவிடுகிறது. தம்பியின் மேல் தவறில்லை. வாட்ஸ்அப் செய்தியில் யாரோ 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற விருப்பத்தைச் சேர்த்து அந்தத் தடையைத் தாண்டியிருக்கிறார். பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அதைத் தட்டச்சு செய்த துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். இந்த மென்பொருளின் தொகுப்புகளை மட்டும் பிரித்து வைக்கும் தனி மெய்நிகர் சூழலை உருவாக்கி அதற்குள் நிறுவச் சொல்லும் ரீட்மீதான் சரி.

ரீட்மீக்குள்ளும் இரட்டிப்பு உண்டு. தேவையான தொகுப்புகளின் பதிப்பு எண்கள் ரெக்வயர்மென்ட்ஸ் கோப்பில் இருக்கும்போது அவற்றை மறுபடி பட்டியலிட்டிருக்கிறீர்கள், அதை எடுத்துவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளை நிறுவும் முறைக்கு அதன் அதிகாரப்பூர்வ ஆவணத்தின் இணைப்பு போதும். தரவுத்தளத்தின் பெயர், பயனர் பெயர், வழக்கமான 5432-ஐ விட்டு வேறு போர்ட் வைத்திருந்தால் அந்த எண் என உங்களுக்கே உரியவற்றை மட்டும் எழுதுங்கள். கட்டளைகள் ஐந்தாறுக்கு மேல் போனால் ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகளை வரிசையாக இயக்கும் கோப்பில்) போட்டு, அதை இயக்கும் வரியை மட்டும் ரீட்மீயில் விடலாம்; ஸ்கிரிப்ட் பழசானால் ஓடும்போதே தெரிந்துவிடும், உரைநடை பழசானால் யாருக்கும் தெரியாது.

இணையம் துண்டிக்கப்படும் புயல் நாட்களுக்குத் தாள் வேண்டுமென்றால் ரீட்மீயையே அச்சிடுங்கள், அடியில் கமிட் எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

சரிபார்க்க உங்களுக்கு நல்ல காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது வாடிக் கணக்கும் ஓய்ந்திருக்கும். புதிதாக உபுண்டு போட்ட கணினியில், இதுவரை நிறுவிப் பார்க்காத ஒருவரை ரீட்மீயோடு உட்காரவைத்து, நீங்கள் பக்கத்தில் பேசாமல் இருங்கள். அவர் உங்களைக் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் குறிப்பில் விடுபட்ட ஒரு வரி; வாயால் பதில் சொல்வதற்கு முன் அதைக் கோப்பில் எழுதிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இரண்டு இடத்தில் எழுதலாம். ஏற்கெனவே ஏலக் கணக்கு உள்ள கணினியில் மறுபடி நிறுவும் முன் தரவுத்தளத்தை பிஜி டம்ப் மூலம் நகலெடுத்து வேறு கணினியில் வைக்க வேண்டும் என்பதை ரீட்மீயின் தொடக்கத்திலும், பழைய அட்டவணைகளை அழிக்கும் கட்டளைக்கு நேர் மேலேயும் போடுங்கள்.