பிறக்காதவர்களோடு பேசியவர்

அன்புள்ள ஐயா,

தலைமுறைகளின் பிணைப்பைச் சொல்லும் கவிதை என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து, அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் ‘புரூக்ளின் படகில் கடக்கையில்’ கவிதையைத் தேடிப் படித்தேன். ஏமாற்றம்தான். பறவை, கப்பல், பாய்மரம், புகைபோக்கி என்று கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போடுகிறார். நடுவே ‘நான் உன்னோடு இருக்கிறேன்’ என்கிறார். அப்பா, தாத்தா, பேரன் என்று யாருமே இல்லை. உறவே இல்லாத இடத்தில் தலைமுறைகளின் பிணைப்பு எங்கிருந்து வரும்?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

அப்பாவும் மகனும் வரும் கவிதைதான் வேண்டும் என்றால் இன்னொரு அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஹேடனின் ‘அந்தக் குளிர்கால ஞாயிறுகள்’ இருக்கிறது. 14 வரிதான். ஞாயிற்றுக்கிழமையும் இருட்டில் எழுந்து, உழைத்து வெடித்த கைகளால் தணலைக் கிளறி வீட்டைச் சூடாக்கி, மகனின் காலணிக்கு மெருகேற்றி வைக்கிற அப்பா. அவருக்கு யாரும் நன்றி சொன்னதே இல்லை. ஹேடன் வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தவர் என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

விட்மன் செய்வது வேறு. அவர் திருமணமே செய்துகொள்ளவில்லை. 1856இல் வெளிவந்த இந்தக் கவிதையில், ஐம்பது வருஷமோ நூறு வருஷமோ கழித்து, நியூயார்க்கில் புரூக்ளினுக்கும் மன்ஹாட்டனுக்கும் நடுவே அவர் படகில் கடந்த அதே ஆற்றைக் கடக்கப்போகிறவர்களிடம் பேசுகிறார். ரத்த சொந்தம் எதுவும் இல்லாதவர்கள். 1883இல் புரூக்ளின் பாலம் வந்தது, 1924இல் அந்தப் படகுப் போக்குவரத்தும் நின்றுபோனது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

பட்டியல் என்று நீங்கள் சலித்துக்கொள்வதுதான் எனக்கு இதன் உயிர். டிசம்பர் மாதப் பறவைகள் சிறகை அசைக்காமல் மிதக்கின்றன. அவற்றின் உடலில் ஒரு பகுதி மஞ்சள் வெயிலில் மின்னுகிறது, மற்றது அடர்ந்த நிழலில் இருக்கிறது. குனிந்து தண்ணீரைப் பார்த்தால் தன் தலையின் நிழலைச் சுற்றி ஆரக்கால்கள் மாதிரி ஒளிக்கதிர்கள். ஏன் இவ்வளவு நுணுக்கம்? நாமும் பார்த்துச் சரிதான் என்று சொல்வதற்காக. வெயில் முதுகில் விழும்போது கலங்கிய தண்ணீரைப் பாருங்கள், உங்கள் தலையைச் சுற்றியும் அந்தக் கதிர்கள் தெரியும். கவிதையின் கடைசிப் பகுதியில் அவரே அதைச் சொல்லிவிடுகிறார்: என் தலையிலிருந்து, அல்லது யாருடைய தலையிலிருந்தும் விரியுங்கள், ஒளிக்கதிர்களே!

ஆறாவது பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். இருட்டு விழுந்தது உன்மேல் மட்டுமல்ல என்று ஆரம்பிக்கிறார். பொய் சொன்னேன், திருடினேன், பொருமினேன். ஓநாயும் பாம்பும் பன்றியும் எனக்குள்ளும் இருந்தன என்கிறார். மூத்தவர்கள் நம்மிடம் பேச வந்தால் பெரும்பாலும் புத்திமதிதான் சொல்வார்கள். இந்த மனிதர் தன் கசடையெல்லாம் முதலில் எடுத்து வைக்கிறார். அதற்கப்புறம்தான், ‘இன்னும் நெருங்கி வருகிறேன், நீ பிறப்பதற்கு முன்பே உன்னைப் பற்றி வெகுநேரம் யோசித்திருக்கிறேன்’ என்கிறார். அப்படிச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு என்று அந்த இடத்தில் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

அவருக்குப் பதிலும் வந்தது. ‘அமெரிக்கா பாடுவதைக் கேட்கிறேன்’ என்று விட்மன் ஒரு கவிதை எழுதியிருந்தார். அவர் இறந்து 34 ஆண்டுகள் கழித்து, 1926இல் வெளிவந்த, கறுப்பினக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் முதல் தொகுப்பில் ‘நானும் அமெரிக்காவைப் பாடுகிறேன்’ என்று ஒரு குரல் தொடங்குகிறது. விருந்தாளிகள் வந்தால் சமையலறைக்குள் போய்ச் சாப்பிடு என்று அனுப்பப்படும் கறுப்பின மனிதனின் குரல் அது. உறவு எங்கே என்று கேட்டீர்களே, இரண்டாவது வரியில் அவன் தன்னை யார் என்று சொல்லிக்கொள்கிறான் பாருங்கள்: ‘நான் கறுத்த சகோதரன்.’