இங்கிலாந்தில் எடைக்குறைப்புச் சத்திரசிகிச்சைக்குக் குடும்ப வைத்தியர் பரிந்துரை மறுத்தால் என்ன செய்யலாம்?

உங்கள் பி.எம்.ஐ. (எடையை உயரத்தோடு ஒப்பிடும் எண்) 35ஐ எட்டவில்லை என்று கூறி ஜி.பி. (குடும்ப வைத்தியர்) பரிந்துரைக் கடிதம் தர மறுத்துவிட்டதாகவும், நீரிழிவு இருந்தும் வேறு வழியில்லையா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் ஏறத்தாழ இதே காரணத்தைச் சொல்லித்தான் மறுத்தார்கள். வழி இருக்கிறது, அந்த 35 யாருக்கான எண் என்று முதலில் கேட்க வேண்டும்.

அரச மருத்துவ சேவையான என்.எச்.எஸ். பின்பற்றும், சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதலின்படி, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களையும், 35க்கும் 40க்கும் இடையில் இருந்து, எடை குறைந்தால் சீரடையக்கூடிய நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் போன்ற நோய்கள் உள்ளவர்களையும் இச்சத்திரசிகிச்சைக்கான மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். என் வைத்தியரின் நினைவில் நின்றது இவ்வளவுதான். ஆனால் தெற்காசியப் பின்னணி உடையவர்களுக்கு இந்த எல்லைகளை 2.5 குறைத்துக் கணிப்பதைப் பரிசீலிக்கும்படியும் அதே வழிகாட்டுதல் கூறுகிறது. நம்மவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதால், நீரிழிவும் இதய நோயும் குறைந்த பி.எம்.ஐ.யிலேயே வந்துவிடுகின்றன என்பதே அதற்குக் காரணம். ஆகவே நீரிழிவுள்ள ஒரு தமிழருக்கு 32.5ஐ எல்லையாகக் கொள்ளலாம். என் உயரம் 158 சென்ரிமீற்றர், அப்போதைய எடை 82 கிலோ, அதாவது பி.எம்.ஐ. 32.8. 35 தான் எல்லை என்றால், எடையைக் குறைக்க உதவி பெறுவதற்காக நான் முதலில் ஐந்து கிலோவுக்கு மேல் கூடியிருக்க வேண்டும்! இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்டுப் பத்து ஆண்டுகள் ஆகாதவர்களுக்கு, 30 முதலே விரைவான மதிப்பீட்டைப் பரிசீலிக்கலாம் என்ற தனி விதியும் உண்டு.

அடுத்து, நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதும் முக்கியம். சத்திரசிகிச்சை செய்யலாமா என்று தீர்மானிப்பவர் ஜி.பி. அல்லர், வைத்தியர், உணவியலாளர், உளவியலாளர், சத்திரசிகிச்சை நிபுணர் ஆகியோர் அடங்கிய எடை மேலாண்மைக் குழுவே பல மாதங்கள் பார்த்துத் தீர்மானிக்கிறது. "எனக்கு ஆபரேஷன் வேண்டும்" என்று கேட்டால், அதன் ஆபத்தை நினைத்து ஜி.பி. தயங்குவது இயல்பு. அக்குழுவின் மதிப்பீட்டுக்கு அனுப்பும்படி கேட்டால், அவர் ஒப்புக்கொள்ள வேண்டியது மிகச் சிறியதாகிவிடுகிறது. நான் அதே நிலையத்தில் வேறொரு வைத்தியரிடம் நேரம் எடுத்து, என் பின்னணியையும் 2.5 குறைப்பையும் சொல்லி, இப்படித்தான் கேட்டேன். அவர் வழிகாட்டுதலைக் கணினியில் திறந்து வாசித்துவிட்டு அனுப்பி வைத்தார். முதலாமவர் சோற்றைப் பாதியாக்கி நடக்கச் சொன்னதோடு நிறுத்திக்கொண்டவர். குரக்கன் பிட்டுக்கு மாறிப் பல ஆண்டுகளான ஒருவருக்கு அது புதிய செய்தி அல்ல.

இரண்டாவது வைத்தியரும் மறுத்தால், மறுப்பையும் அதன் காரணத்தையும் உங்கள் மருத்துவக் குறிப்பில் எழுதும்படி கேளுங்கள். வேறொரு வைத்தியரின் கருத்தைப் பெறுவது சட்டப்படியான உரிமை இல்லையென்றாலும், அதை மறுப்பது அரிது. அதன் பிறகும் அசையாவிட்டால், நிலைய மேலாளரிடமோ உங்கள் பகுதியின் என்.எச்.எஸ். சேவைகளைத் திட்டமிட்டு நிதி வழங்கும் ஒருங்கிணைந்த பராமரிப்புச் சபையிடமோ (ஐ.சி.பி.) முறைப்பாடு செய்யலாம். அவர்களின் பதில் திருப்தி தராவிட்டால், முறைப்பாடுகளைச் சுயாதீனமாக விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். சில இடங்களில் மறுப்பு அந்தச் சபையின் உள்ளூர் விதிகளிலிருந்தே வருவதால், ஜி.பி.யோடு வாதிட்டுப் பயனிராது என்பதையும் கவனியுங்கள்.

"ஊசி வந்துவிட்டதே" என்று உங்களுக்குச் சொல்லப்படலாம். 2025 ஜூன் முதல் எடைக் குறைப்புக்காக மவுஞ்சாரோ என்ற ஊசி மருந்தை ஜி.பி. மூலம் வழங்கத் தொடங்கினார்கள் என்பது உண்மை. ஆனால் முதற்கட்டத்தில் அது, பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் (நம்மைப் போன்றோருக்கு 37.5) இருந்து, குறிப்பிட்ட ஐந்து நோய்களில் குறைந்தது நான்கு உள்ளவர்களுக்கு மட்டுமே வழங்கப்பட்டது. நீரிழிவுக்காக அதே மருந்தைத் தருவதற்கு வேறு விதிகள் உள்ளன. அதைத் தனியாகக் கேளுங்கள்.

வைத்தியரின் மறுப்பு நியாயமானதாகவும் இருக்கலாம். கட்டுப்பாடின்றி உண்ணும் கோளாறுக்கோ மதுப் பழக்கத்துக்கோ சிகிச்சை பெறாமலிருந்தால், அல்லது விரைவில் கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால், முதலில் அதைப் பார்க்கத்தான் வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் விற்றமின்களும் ஆண்டுதோறும் பரிசோதனையும் தேவை. அதற்கு உடன்படுவதும் தகுதியின் ஒரு பகுதியே. ஆகவே உடன்படுகிறேன் என்று நீங்களாகவே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

ஆங்கிலத்தில் பேசத் தயக்கமிருந்தால், நேரம் எடுக்கும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், கட்டணம் இல்லை. மகனையோ மகளையோ அழைத்துப் போகாதீர்கள். அங்கே மனச்சோர்வு பற்றியும், இரவில் ஒளித்துச் சாப்பிடுவது பற்றியும் கேட்பார்கள்.