சோடியம் விளக்குக்கு வீனின் விதியைப் போடலாமா?

கேள்வி: சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் 589 நனோமீற்றர். அலைநீளத்திலிருந்து வெப்பநிலையைக் கணக்கிடும் வீனின் விதியில் போட்டால் 4900 கெல்வினுக்கு மேல் வருகிறது. அந்தச் சூட்டில் கண்ணாடி உருகாதா? காசு கொடுத்து வாங்கிய குறிப்பில் ‘நிறம் தெரிந்தால் வெப்பநிலை தெரியும்’ என்றுதான் இருக்கிறது. – உயர்தர மாணவி, ஹட்டன்.

பதில்: கணக்கில் பிழையில்லை. அந்த விளக்குக்கு அந்த விதியே பொருந்தாது. வீனின் விதி சூட்டினால் ஒளிரும் பொருளுக்கானது. அதிலும் கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கல்ல, கதிர்ப்பின் உச்சத்துக்கு. அடுப்புத் தணல் 1100 கெல்வின் அளவில் இருந்தால் உச்சம் 2600 நனோமீற்றரை ஒட்டி, செந்நிறக் கீழ்க் கதிர்களில் விழும். நாம் பார்க்கும் சிவப்பு அதன் ஓர் ஓரம் மட்டுமே.

சோடியம் ஆவியில் நடப்பது வேறு. மின்னோட்டத்தால் மேல்மட்டத்துக்கு ஏறிய இலத்திரன் கீழே இறங்கும்போது 2.1 இலத்திரன்வோல்ற்று சக்தியை ஒரு போட்டனாக (ஒளித் துணிக்கையாக) விடுகிறது. அந்த இடைவெளி சோடியம் அணுவுக்கே உரியது. சூடு கூடினாலும், நிறமாலையில் அந்த ஒளி விழும் கோடு நகராது.

வீட்டிலேயே பார்க்கலாம். இரவில் மெழுகுதிரிச் சுடரை ஒரு பழைய இறுவட்டில் விழவிட்டுச் சாய்த்துப் பாருங்கள்: சிவப்பு முதல் ஊதா வரை இடைவெளியில்லாமல் தெரியும். அது சூடேறிய கரித்துகளின் ஒளி. பிறகு, பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஈரக் கரண்டி நுனியில் உப்புத் தொட்டு காஸ் அடுப்பின் நீலச் சுவாலையில் காட்டுங்கள். மஞ்சள் மட்டும் பளிச்சென்று தனித்து நிற்கும்.

ஒன்றைக் கவனியுங்கள். 589 மட்டும் தருவது தாழமுக்க விளக்கு. தெருவில் பொன்னிறமாக எரிபவை பெரும்பாலும் உயரமுக்க விளக்குகள். அவற்றில் அணுக்கள் நெருங்கி மோதுவதால் கோடு அகன்று மற்ற நிறங்களும் சேரும். நடுவில் 589 இருக்கும் இடத்தையோ வெளிப்புறத்துக் குளிர்ந்த சோடியமே விழுங்கிவிடுவதால் அங்கே கருமை விழும். பெட்டியில் 2000 கெல்வின் என்றிருந்தால் அது நிறத்தின் அளவு, ஆவியின் சூடல்ல. 6500 கெல்வின் என்று எழுதிய எல்இடி குமிழைக் கையால் கழற்றுகிறோமே!

பாடத்திட்டத்தில் வீனின் விதி பௌதிகவியலில், இலத்திரன் மட்டம் இறங்குவதைச் சொல்லும் ஐதரசன் நிறமாலை இரசாயனவியலில். இரண்டையும் இணைத்துச் சொல்ல ஆளில்லை. தோட்டப் பாடசாலைகளுக்கு விஞ்ஞான ஆசிரியர் கேட்டு எத்தனை காலம்தான் காத்திருப்பது? அந்த வெற்றிடத்தில்தான் ஒற்றைவரிக் குறிப்புகளும் ‘நிச்சயம் வரும்’ வினாத்தாள்களும் விலைபோகின்றன. அவற்றுக்குக் காசைக் கொட்டாதீர்கள்; பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களையே செய்யுங்கள்.

வினாவில் இழை, உலை, விண்மீன் என்றிருந்தால் வீன். தாழமுக்க வாயு, ஆவி என்றிருந்தால் போட்டனின் சக்தி hc/λ (h பிளாங்கின் மாறிலி, c ஒளியின் வேகம், λ அலைநீளம்).