20 லட்சம் கடன் 40 லட்சம் ஆகும் கணக்கு

கேள்வி: என் மகள் பள்ளியில் முதல் மாணவி. கணினி அறிவியல் படிக்க இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லோருக்கும் பெயர் தெரிந்தது. ஆண்டுக்கு 5 லட்சம், சலுகை கிடையாதாம். இன்னொன்று அவ்வளவு பெயர் இல்லாதது. மதிப்பெண்ணைப் பார்த்து நான்கு ஆண்டுக் கட்டணத்தையும் தள்ளுபடி செய்கிறது. கடன் வாங்கியாவது பெரிய இடத்தில் சேருங்கள் என்கிறார்கள் உறவினர்கள். நானும் மனைவியும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் கடனைப் பார்த்துவிடுவோம். ஒவ்வோர் ஆண்டும் 5 லட்சம், 10% தனிவட்டி என்று வைத்தால், படிப்பு முடியும்போதே வட்டி மட்டும் 5 லட்சம் சேர்ந்திருக்கும். அந்த 25 லட்சத்தைப் பத்து ஆண்டுகளில் அடைக்க மாதம் சுமார் 33,000. ஆக மொத்தம் கட்டுவது 40 லட்சத்தை ஒட்டி வரும். உறவினர்கள் இந்தத் தவணையில் பங்கு கேட்க மாட்டார்கள்.

சரி, அந்தப் பெயருக்கு அவ்வளவு மதிப்பு உண்டா? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இருவர் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தரத்துக் கல்லூரிகளில் இடம் கிடைத்த மாணவர்களை ஒப்பிட்டபோது, பெரிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் சேர்ந்தவர்களும் பின்னாளில் ஏறக்குறைய அதே சம்பளம்தான் வாங்கினார்கள். ஆனால் அவர்களுடைய தொடர் ஆய்வில் சில விதிவிலக்குகள் தெரிந்தன. பெற்றோர் அதிகம் படிக்காத பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. நீங்களும் மனைவியும் கல்லூரி போனதில்லை என்ற அந்த வரி இல்லாவிட்டால், யோசிக்காமல் சலுகையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றிருப்பேன்.

இப்போதும் என் மனம் சலுகைப் பக்கம்தான் சாய்கிறது. ஏனென்றால் பெயர் தெரிந்த இடம் வேறு, இடம் கிடைப்பதே அரிதான இடம் வேறு. ஆய்வு பேசுவது இரண்டாவதைப் பற்றி. பெயர் தெரிந்த கல்லூரியின் கணினி அறிவியல் துறையில் போன ஆண்டு கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண்ணை விசாரியுங்கள். உங்கள் மகளுடையதை ஒட்டி இருந்தால் கடனைப் பற்றிப் பேசலாம். வெகு கீழே இருந்தால் 40 லட்சமும் கட்டிடத்துக்கும் விளம்பரத்துக்கும்தான். அப்புறம் வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும்போது, போஸ்டரில் போடுகிற அதிகபட்சச் சம்பளத்தை விடுங்கள். வகுப்பில் நடுவில் இருப்பவர் எவ்வளவு வாங்குகிறார்? அதில் 33,000 கழித்துப் பாருங்கள்.

தள்ளுபடிக் கடிதத்தையும் வரி வரியாகப் படியுங்கள். 'ஆண்டுதோறும் இத்தனை சதவீதம் எடுத்தால் தொடரும்' என்று எங்காவது இருக்கலாம். 75 என்றால் பயமில்லை. 90 என்றால், தேர்வு நேரத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தாலே சலுகை போய்விடும். ஹாஸ்டலும் தேர்வுக் கட்டணமும் தள்ளுபடியில் அடங்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. முதல் கல்லூரியில் சலுகை கிடையாது என்று சொன்னது யார், சேர்க்கை கவுன்ட்டரில் இருந்தவரா? அவருக்கு அந்த அதிகாரம் இருக்காது. தள்ளுபடிக் கடிதத்தின் நகலோடு முதல்வரையே நேரில் பாருங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு.