டைட்டானியம் இம்ப்ளான்ட்டை வயர்கட்டில் (மெல்லிய கம்பியிலிருந்து மின்பொறி பாய்ச்சி உலோகத்தை அறுக்கும் முறை) வெட்டி அப்படியே உடம்புக்குள் வைக்கலாமா?

கூடாது. வெட்டுவதில் தவறில்லை, வெட்டிய முகத்தில்தான் சிக்கல்.

இடுப்பு மூட்டுத் தண்டு, எலும்புத் தகடு போன்றவற்றுக்கு அதிகம் பயன்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் கலந்த டைட்டானியம். அது வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சுழலும் கட்டரால் செதுக்கும் மில்லிங்கில் சூடு முழுக்கக் கட்டர் நுனியிலேயே தங்கி, நுனி சீக்கிரம் மழுங்கிவிடும். வயர்கட் போன்ற தீப்பொறி முறையில் கருவி உலோகத்தைத் தொடுவதே இல்லை. மின்சாரம் கடத்தினால் போதும், எவ்வளவு கடினமானாலும் வெட்டலாம்.

ஆனால் ஒவ்வொரு பொறியும் ஒரு குட்டிக் குழியை உருக்குகிறது. உருகியதில் ஒரு பங்கு வெளியேறாமல் அங்கேயே உறைந்துவிடும். துண்டைக் குறுக்கே அறுத்து, பாலிஷ் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள்: ஓரத்தில் சில மைக்ரான் தடிமனில் தனியாக ஒரு பட்டை, அதில் மயிரிழை விரிசல்கள். பொறி அடிக்கும் இடத்தைச் சூழும் திரவமாக மண்ணெண்ணெயை வைத்து ஓட்டியிருந்தால் அதன் கார்பன் சேர்ந்து டைட்டானியம் கார்பைடு உருவாகியிருக்கும். பித்தளை வயர் என்றால் செம்பும் துத்தநாகமும் ஒட்டியிருக்கும். நோயாளி வைக்கும் ஒவ்வொரு அடிக்கும் தண்டில் சுமை ஏறி இறங்குகிறது. முறிவு அந்த விரிசலில்தான் தொடங்கும்.

எனவே கடைசி வெட்டுகளைக் குறைந்த ஆற்றலில் ஓட்டி, மிச்சப் படலத்தை நைட்ரிக், ஹைட்ரோஃபுளூரிக் அமிலக் கலவையிலோ மின்வேதி மெருகிலோ நீக்க வேண்டும். (ஹைட்ரோஃபுளூரிக் தோலைத் தாண்டி எலும்புவரை இறங்கும். பயிற்சி இல்லாமல் தயவுசெய்து தொடாதீர்கள்.)

பல் இம்ப்ளான்ட்டில் கதை வேறு. அங்கே எலும்பு பற்றி வளரச் சொரசொரப்பு தேவை. பொறி விடும் குழிகளையே அதற்குப் பயன்படுத்த, ஹைட்ராக்ஸிஅபடைட் (எலும்பில் உள்ள கால்சியம் தாது) தூளை அந்தத் திரவத்தில் கலந்து பொறியடித்துப் பார்க்கும் ஆய்வுகள் நடக்கின்றன.